தாட்சாயணியின் சனிக்கிழமைச் சர்க்கரை

நகரியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வந்தால் எங்கள் வன்னிமேடு. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது பவர்லூம் சத்தம். அது கொஞ்சம் ஓய்ந்தால் பஜனை கோயில் மணி கேட்கும். அந்த மணியை அடிக்கிறவன் நான், ரங்கையா. கோயிலைப் பெருக்குவது, விளக்கேற்றுவது, சனிக்கிழமை விடியற்காலையில் பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் பண்ணுவது எல்லாம் என் பொறுப்பு. ஆனால் நான் எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, எங்கள் தாட்சாயணியைப் பற்றி.

தாட்சாயணி, ஆதிநாராயணனின் ஒரே மகள். ஆதிநாராயணன் முப்பது வருஷம் தறி ஓட்டியவன். அந்தச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் மட்டும் மீதிக் காதும் போய்விடும். கேட்காத மாதிரியே வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விடுவான். அவனுக்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. பயோகெமிஸ்ட்ரி என்றால், நாம் தின்கிற சோறு உடம்புக்குள்ளே போய் என்னென்னவாக மாறுகிறது, எங்கே போய் வழி தப்புகிறது என்று பார்க்கிற படிப்பு என்று ஒரு நாள் அவளே எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கோயிலில் சோறு ஆக்கிப் போடுகிறவன் நான். அது அப்புறம் எங்கே போகிறது என்று பார்க்கிறவள் அவள். அப்படிப் பார்த்தால் எங்கள் இரண்டு பேர் தொழிலும் பக்கத்துப் பக்கத்துத் தொழில்தான்.

திருப்பதியில் படித்தாள். படித்து முடித்த பிறகு டாக்டர் பட்டத்துக்காக ஆறு வருஷம் எலிகளோடு இருந்தாள். நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கிற எலிக்கு ஊசி போட்டுச் சர்க்கரை வியாதியை வரவழைப்பார்களாம். பிறகு அதை இறக்குவதற்கு வெந்தயம், நாவல்கொட்டை, ஆவாரம்பூ என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பார்களாம். எங்கள் தெருவில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற வெங்கடலட்சுமி, அவள் ஊருக்கு வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த தாரைக் கீழே வைத்தாள். பிறகு, எலிக்கு ஊசியே போடாமல் விட்டிருந்தால் முதல் நாளே வேலை முடிந்திருக்குமே, இதற்கு ஆறு வருஷமா என்றாள். அன்றிலிருந்து ஊரில் அவளுக்கு எலி டாக்டர் என்று பெயர்.

அந்த டாக்டர் பட்டத்தால் ஒரு கல்யாணமும் தட்டிப்போயிற்று. புத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெண் டாக்டர் என்று தரகர் சொல்லியிருந்தார். காப்பி கொடுக்கக் குனிந்தவளிடம் மாப்பிள்ளையின் அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலை நீட்டி, ஆறு மாசமாக வீக்கம், பார் அம்மா என்றார். தாட்சாயணி தான் அந்த மாதிரி டாக்டர் இல்லை என்று பொறுமையாக விளக்கினாள். அந்த அம்மாள் முழங்காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். சம்பந்தமும் அதோடு போயிற்று.

அதற்கப்புறம் ஹைதராபாத்தில் இரண்டு வருஷம், பெங்களூரில் ஒன்றரை வருஷம், திரும்பவும் திருப்பதி. எங்கே போனாலும் வேலை ஒரு கெடுவோடுதான். பால் பாக்கெட்டில் போடுகிற மாதிரி அவள் வேலை மேலேயும் ஒரு தேதி அச்சடித்திருப்பார்கள். தேதி நெருங்கினால் அவள் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்குவாள். அப்படியே முப்பத்தொன்பது வயது ஆகிவிட்டது.

இப்போது சொல்லப்போகிற வேலை அவளே கேட்டு வாங்கியது. ஆதிநாராயணனுக்குச் சர்க்கரை வந்தது முப்பத்தெட்டாவது வயசில். ஆள் வேலிக்குச்சி மாதிரி இருப்பான். தொப்பை இருக்கிறவனுக்கு வருகிற வியாதி என்று சொல்வார்கள். எங்கள் தறிக்காரர்களுக்கோ கரண்டிக் காம்பு மாதிரி இருக்கிறவனுக்கும் வந்துவிடுகிறது. அது ஏன் என்று பார்க்க வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே மனசில் இருந்த கேள்வி. திருப்பதியில் அவள் இருக்கிற ஆராய்ச்சி நிலையம் அதற்கு இரண்டு வருஷம் கொடுத்தது. வன்னிமேட்டில் அறுபது பேர். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பது. மார்ச் முப்பத்தொன்றோடு கெடு முடியும். அதற்கு முன்னால் ஒரு கமிட்டி உட்கார்ந்து கணக்கைப் பார்த்து, மேலே நடத்தலாமா, மூடலாமா என்று சொல்லும். மூடினால் அவள் வேலையும் மூடியதுதான். நாற்பது வயசுக்கு மேல் புதிதாக யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் படவில்லை.

ரத்தம் எடுக்க இடம் வேண்டும் என்றபோது கோயில் மண்டபத்தை நான்தான் கொடுத்தேன். மின்விசிறி இருக்கிறது, குழாய் இருக்கிறது, பெருமாளும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே நாளில் அறுபது பேருக்கு முடியாது என்பதால் செவ்வாய்க்கிழமை முப்பது பேர், சனிக்கிழமை முப்பது பேர். ரத்தம் எடுக்கிறவர் ஜெயபிரகாஷ், சித்தூர்க்காரர்; தாட்சாயணி கூப்பிடுவது ஜேபி என்று. நரம்பு கண்ணுக்கே தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவார். விடியற்காலையில் திருப்பதியிலிருந்து வேனில் ஐஸ் பெட்டியும் குழாய்களுமாக வந்து இறங்குவார். தாட்சாயணி முந்தின நாளே அப்பா வீட்டுக்கு வந்துவிடுவாள். கடைசியில் அவர்கள் இரண்டு பேரும் தங்கள் ரத்தத்தையும் ஆளுக்கொரு குழாய் எடுத்துக்கொள்வார்கள். தராசு சரியாக இருக்கிறதா என்று தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்க்கிற மாதிரி அது.

டிசம்பரில் அதுவரைக்குமான கணக்கை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது வந்தது தலைவலி. வெறும் வயிற்றுச் சர்க்கரை என்று ஒன்று இருக்கிறது. அது அன்றைக்குக் காலையின் கணக்கு. மூன்று மாசத்துச் சர்க்கரை என்று இன்னொன்று. அது போன மாசங்களின் மொத்தக் கணக்கு. ஒரே ரத்தத்தில் இரண்டையும் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமைக்காரர்களுக்கு இரண்டும் ஒத்துப்போயிற்று. சனிக்கிழமைக்காரர்களுக்கோ வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, மூன்று மாசத்துச் சர்க்கரை சாதுவாக இருக்கிறது. ஆராய்ச்சி நிலையத்துத் தலைவர் சந்திரசேகர் சார் தாளில் சிவப்பு மையால் இரண்டு வரி எழுதினார். ரத்தத்தை எடுத்த விதத்திலோ வைத்த விதத்திலோ கோளாறு இருக்கிறது. காரணம் தெரியாவிட்டால் கமிட்டி இந்தக் கணக்கை நம்பாது. மார்ச்சுக்கு மூன்று மாசம் இருந்தது.

தாட்சாயணி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தாள். காலையில் என்ன தின்றீர்கள், என்ன குடித்தீர்கள். எல்லோரும் ஒன்றும் இல்லை என்றார்கள். வெங்கடலட்சுமிக்குக் கோபமே வந்துவிட்டது.

"பச்சத் தண்ணி பல்லுல படல தாட்சா. அதோ நிக்கறாரே, அவர் மேல ஆணை."

பெருமாள் மேல் ஆணை என்ற பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? இருந்தாலும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ரங்கண்ணா, நீ காலைல இருந்து இங்கயேதான கீற. யாராவது எதுனா துன்னத பார்த்தியா?"

"ஒருத்தரும் ஒண்ணும் துன்னலம்மா. நான் சாட்சி" என்றேன், கரண்டியைக் கழுவிக்கொண்டே.

அப்புறம் அவள் பொருள்களைச் சந்தேகப்பட்டாள். ஐஸ் பெட்டியில் சனிக்கிழமை ஐஸ் குறைகிறதோ என்று பெட்டிக்குள் சூடு பார்க்கிற கருவியை வைத்தாள். குழாய்களை வேறு இடத்தில் வாங்கினாள். மெஷினை இரண்டு தடவை பழுது பார்த்தார்கள். ஜெயபிரகாஷ் வருத்தப்பட்டு, பதினாறு வருஷ சர்வீஸில் தன் குழாயைப் பார்த்து யாரும் மூக்கைச் சுளித்ததில்லை என்று என்னிடம் முறையிட்டார்.

ஜனவரியில் வாராவாரம் வந்தாள். செவ்வாய்க்கிழமைக்காரர்களில் பத்துப் பேரைச் சனிக்கிழமை வரச்சொன்னாள். சனிக்கிழமைக்காரர்களில் பத்துப் பேரைச் செவ்வாய்க்கிழமை. ஆள் மாறினாலும் கோளாறு மாறவில்லை. யார் சனிக்கிழமை வந்தாலும் சர்க்கரை ஏறியிருந்தது. ஆதிநாராயணனுக்கு இது உடனே புரிந்துவிட்டது. மகளைக் கூப்பிட்டு, சனி பகவானுக்கு எள் தீபம் போட்டால் சரியாகிவிடும், இதற்குப் போய் மெஷினைப் பிரிப்பானேன் என்றான். அவள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை நவக்கிரகத்துப் பக்கம் ஒரு புது அகல் இருந்ததை நான் பார்த்தேன். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

ரத்தக் குழாய்களில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். யாருடையது என்று தெரியாமல் பார்த்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்குமாம். பெயர்ப் புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள். பிப்ரவரி பிறந்ததும் சந்திரசேகர் சாரிடம் அனுமதி வாங்கிப் பெயர்ப் புத்தகத்தைத் திறந்தாள். முதலில் தேடியது தங்கள் இரண்டு எடைக்கற்களை. ஜெயபிரகாஷுக்குச் செவ்வாய் தொண்ணூற்றிரண்டு, சனி தொண்ணூற்றொன்று. அவளுக்குச் செவ்வாய் எண்பத்தாறு. சனி நூற்று முப்பத்தொன்று.

எடைக்கல்லே பொய் எடை காட்டினால் தராசுக்காரர் என்ன செய்வார்? அவள் பயந்துபோனாள். அப்பாவின் வியாதி தனக்கும் வந்துவிட்டது என்று முடிவு செய்து, திருப்பதியில் ஒரு டாக்டரிடம் ஒரு புதன்கிழமை போய்ப் பரிசோதித்துக்கொண்டாள். எண்பத்தெட்டு. எல்லாம் சரியாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அவர் அனுப்பிவிட்டார். நோய் இல்லை என்று அழுதுகொண்டே பஸ் ஏறிய ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

அப்போது அவளுக்கு ஒன்று தோன்றிற்று. சனிக்கிழமையில் ஏறாத ஒரே சர்க்கரை ஜெயபிரகாஷுடையது. அப்படியானால் அந்த மனுஷர் செய்கிற ஏதோ ஒன்றை நாங்கள் செய்யவில்லை. அல்லது நாங்கள் செய்கிற ஒன்றை அவர் செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் என்ன செய்தாலும் தானும் அதையே செய்வது என்று தீர்மானித்தாள். முந்தின நாள் ஊருக்கு வராமல் விடியற்காலை வேனில் அவரோடேயே ஏறினாள். அவர் ஜன்னலைத் திறந்தால் இவளும் திறந்தாள். அவர் கண்ணை மூடினால் இவளும் மூடினாள். வேன் வந்து நின்றதும் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் ஒதுங்கப் போனார். இவள் இந்தப் பக்கம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு நிமிஷம் என்று நோட்டில் எழுதினாள். திரும்பி வந்த ஜெயபிரகாஷ் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, மேடத்துக்கு உடம்பு சரியில்ல போல. நான் போற எடமெல்லாம் வர்றாங்க. என் பொண்டாட்டி ஷோபாவுக்குத் தெரிஞ்சா என் கதி என்ன?"

பூஜை முடிந்திருந்தது. மணி ஆறு. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வழக்கம்போல வரிசையில் நின்று தீர்த்தம், துளசி, அப்புறம் ஆளுக்கு ஒரு கரண்டி பொங்கல் வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, கையைத் தலையில் தடவியபடி மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஜெயபிரகாஷ். மற்ற நாளில் நான் பொங்கல் கொடுக்கிற நேரத்தில் அவர் உள்ளே குழாய்களை அடுக்கிக்கொண்டிருப்பார். எல்லோரும் போன பிறகு வந்து வாங்கிக்கொள்வார். அவருக்குப் பின்னால் தாட்சாயணி. அவர் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை நீட்டினார். நான் ஒரு கரண்டி வைத்தேன். மூடியை அழுத்தி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். தாட்சாயணி வலது கையை நீட்டினாள். கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஜேபி. நீங்க ஏன் துன்னல?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? ரத்தம் குடுக்கணுமே. வெறும் வயிறு."

"இது பிரசாதம்."

"பிரசாதம்தான் மேடம். பொண்ணுக்கு எடுத்துட்டுப் போவேன். எல்லாரும் அப்படித்தான் வீட்டுக்குக் கொண்டுபோறாங்கன்னு நெனச்சேன்."

அவள் கையில் இருந்த பொங்கலைப் பார்த்தாள். நெய் விரல் இடுக்கில் வழிந்து மணிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. பிறகு மண்டபத்தைப் பார்த்தாள். எல்லோரும் தலையில் கை தடவிய பளபளப்போடு வெறும் வயிற்றில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? அவள் தின்றார்களா என்று கேட்டாள்; தின்னவில்லை என்றேன். பொங்கல் கொடுத்தாயா என்று கேட்டிருந்தால் கொடுத்தேன் என்றிருப்பேன். பெருமாள் கொடுப்பதை வாங்கிக்கொள்வது என்பது வேறு, தின்பது என்பது வேறு. ஒருபொழுது இருக்கிறவன்கூட பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்வானா? வெங்கடலட்சுமி ஆணையிட்டதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தாட்சாயணிக்கும் அது தெரியும். அவளும் இந்தக் கோயில் வாசலில் பாவாடை கட்டிய நாளிலிருந்து கை நீட்டியவள்தானே. இரண்டு வருஷமாக ரத்தம் எடுத்த ஒவ்வொரு சனிக்கிழமையும் வெறும் வயிறு என்று தாளில் கையெழுத்துப் போட்டவளும் அவளே.

அன்றைக்கு முதல் தடவையாகக் கையில் வாங்கிய பிரசாதத்தோடு நின்றாள். கீழே போட முடியாது. வாயில் போட முடியாது. கடைசியில் ஜெயபிரகாஷ்தான் டப்பாவைத் திறந்து நீட்டினார்.

கண்டுபிடித்தால் போதாது, நிரூபிக்க வேண்டுமாம். என் கரண்டியை வாங்கி, அதில் பிடிக்கிற பொங்கலை மட்டும் நிறுத்துப் பார்த்தாள், நூற்றுப்பத்து கிராம். ஒரு செவ்வாய்க்கிழமை பொங்கல் செய்து பாதிப் பேருக்கு மட்டும் கொடுக்கச் சொன்னாள். நைவேத்தியம் ஆகாமல் நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அதனால் அந்த வாரம் பெருமாளுக்கு இரண்டு நாள் பொங்கல். வாங்கியவர்களுக்கு ஏறியது, வாங்காதவர்களுக்கு ஏறவில்லை. வாங்காதவர்கள் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அதைக் கமிட்டியில் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. சர்க்கரையை ஆராய்ச்சி செய்கிற டாக்டர், தானே சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டு வெறும் வயிறு என்று கையெழுத்துப் போட்டாள் என்றால் யார் மறுபடி வேலை கொடுப்பார்கள்? ஆதிநாராயணன், நீ தின்றதைச் சொல்லாதே, மற்றவர்கள் தின்றதை மட்டும் சொல் என்றான். ஜெயபிரகாஷ் நல்ல மனசோடு, ஐஸ் பெட்டி கெட்டுப்போயிற்று என்று சொல்லிவிடலாம் மேடம், சனிக்கிழமைக் கணக்கையே தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். கோயில் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"பெட்டி கெட்டுதுன்னு சொன்னா ஜேபி வேலை போவும். ஜனங்க துன்னுட்டு ஏமாத்திகினு இருந்தாங்கன்னு சொன்னா ஊர் பேரு போவும். நான் துன்னேன்னு சொன்னா என் பேரு மட்டுந்தான் போவும் நைனா. அது இன்னும் அவ்ளோ பெருசா வரல."

ஆதிநாராயணனுக்கு அன்றைக்கு நிஜமாகவே காது கேட்கவில்லையா என்று தெரியாது. எழுந்து போய்விட்டான்.

மார்ச் பதினெட்டாம் தேதி கமிட்டி. என்னையும் கூட வரச்சொன்னாள், கரண்டியோடு. நான் முதலில் திருச்சானூர் போய்த் தாயாரைக் கும்பிட்டு, அவளுக்கு வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர் மடியில் பெரிய கரண்டியைப் பார்த்து, கல்யாணச் சமையலா என்றார். ஆராய்ச்சிக்கு என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

கமிட்டியில் மூன்று பேர். சந்திரசேகர் சார், இன்னொரு பெரியவர், டெல்லியிலிருந்து வந்த ஒரு அம்மாள். யாரோ அலிபிரிப் படி வழியாகத் திருமலைக்கு நடந்து போய் வந்தவர் கொடுத்த லட்டுத் துண்டுகள் ஒரு தட்டில் மேஜை நடுவில் இருந்தன. நான் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. தாட்சாயணி சுவரில் படம் காட்டினாள். இருபத்தொரு கோடுகள் செவ்வாயிலிருந்து சனிக்கு ஏறிப் போயின. ஒரு கோடு மட்டும் படுத்தபடி இருந்தது. ஏறிய கோடுகளில் மேலிருந்து மூன்றாவது தன்னுடையது என்று அவள் சொன்னாள்.

டெல்லி அம்மாள் இங்கிலீஷில் கேட்டதை வாசலில் நின்ற அட்டெண்டர் பவன்குமார் எனக்குத் தெலுங்கில் சொன்னான். இத்தனை படித்தவள், தின்கிறோம் என்பது தெரியவில்லையா என்று கேட்கிறாராம். தின்கிறேன் என்ற நினைப்பே வரவில்லை, முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட வந்ததில்லை, அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன் என்றாளாம் இவள். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். சந்திரசேகர் சார் தெலுங்கில், அந்த நாட்களில் ஜனங்கள் ஏதாவது தின்றார்களா ரங்கையாகாரு என்று கேட்டார். இல்லை சார் என்றேன். பொங்கல்? கொடுத்தேன் சார், ஆளுக்கு ஒரு கரண்டி. டெல்லி அம்மாள் என் இரண்டு பதிலையும் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதியதைத் திரும்பப் படித்தார். பேனாவை மூடிவிட்டார்.

சந்திரசேகர் சார் மட்டும் என் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு. தினமும் காலையில் விரலில் குத்திப் பார்க்கிறாராம்; எட்டு மாசமாக வெறும் வயிற்றில் இறங்கவே மாட்டேன் என்கிறது, டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்று மெதுவாகச் சொன்னார். எப்போது குத்துகிறீர்கள் சார் என்று தாட்சாயணி கேட்டாள். பூஜை முடித்துவிட்டு என்றார். பூஜையில் என்ன நைவேத்தியம் என்று அவள் கேட்கவில்லை. அவராகவே, பஞ்சாமிர்தம், இந்தக் கரண்டியில் பாதி இருக்கும் என்றார். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பவன்குமார் லட்டுத் தட்டைச் சுற்றிக் கொண்டுபோனபோது மூன்று பேரும் கை நீட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தார்கள். யோசித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஒரு வருஷம் நீட்டிப்பு. சனிக்கிழமைக் கணக்கைத் தனியாக எழுத வேண்டும். கேள்வித் தாளில் சாப்பாடு என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பிரசாதம் என்று தனிக் கட்டம் போட வேண்டும். இந்த ஜில்லாவில் சர்க்கரை பார்க்கிற எல்லா இடத்துக்கும் அது உபயோகமாக இருக்கும் என்று டெல்லி அம்மாளே எழுதிக் கொடுத்தாராம். தாட்சாயணி வெளியே வந்து என் பக்கத்தில் இருந்த சுவரில் சாய்ந்துகொண்டாள். அடுத்த வருஷம் இதே நாளில் மறுபடி கமிட்டி, அதுவரைக்கும் தூங்கலாம் ரங்கண்ணா என்றாள்.

ஊரோடு ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. பெருமாளுக்குப் பூஜையும் பொங்கலும் நேரத்துக்கு நடக்கும்; அவருக்கு ஊசி இல்லை. ஜனங்களுக்கு ரத்தம் எடுத்த பிறகுதான் பொங்கல். அதுவரை பாத்திரத்தை நான் துணி போட்டு மூடி வைக்க வேண்டும். தாட்சாயணி தனக்கும் ஜெயபிரகாஷுடையதைப் போலவே ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கிக்கொண்டாள்.

ஜூன் மாசம் முதல் சனிக்கிழமை. ஆறு மணிக்கு வெங்கடலட்சுமி என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். ரத்தம் கொடுத்துவிட்டு வா என்றேன். அவள் கையை மடக்கவில்லை. பெருமாளை ஒரு தடவை பார்த்தாள், துணியை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். பெருமாளின் கண்ணுக்கு எதிரே, நீட்டிய கைக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. துணியை விலக்கினேன்.

அவள் கையைத் தலையில் தடவிக்கொண்டு போய் தாட்சாயணி எதிரில் உட்கார்ந்தாள்.

"எதுனா துன்னியா அக்கா?"

"இல்ல."

"பிரசாதம்?"

"வாங்கினேன். அதான் தனியா கட்டம் போட்டு வச்சிகீறியே, எழுதிக்கோ."

தாட்சாயணி பேனாவைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள். நான் குழாயடியில் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை கரண்டி?" என்று கேட்டாள்.

"ஒண்ணரை" என்றாள் வெங்கடலட்சுமி.

தாட்சாயணி ஒன்றரை என்று எழுதிக்கொண்டாள்.